கண்ணாக்கழிக் கதவும் அடித்தண்ணீரும்

என்னை ‘ஐயா’ என்று கூப்பிடுகிற அதிகாரியைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வரும். வேலையில் இருந்த காலம் முழுவதும் என்னைத் ‘தருமு’ என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் ‘இஞ்ச வாரும் காணும்’ என்பார்கள். முதுகு வருத்தத்தால் வயதுக்கு முன்னரே ஓய்வு வாங்கி வீட்டில் இருக்கிற ஒரு வாய்க்கால் கதவுத் தொழிலாளியிடம், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வேலிப் படலையடியில் நின்று ‘ஐயா, சுகமா இருக்கிறியளோ’ என்று கேட்டால், அவருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

போன ஆவணியில் அப்படி ஒருவர் வந்தார். இளம் ஆள். சப்பாத்து முழுக்க வெள்ளைத் தூசி. எங்கே போய்விட்டு வருகிறார் என்று அந்தத் தூசியே சொன்னது.

“ஐயாதான் கண்ணாக்கழிக் கதவில கனகாலம் நிண்டவர் எண்டு சொல்லிச்சினம். இப்ப கழிப்பக்கம் பாத்திட்டு வாறன். வெறும் வெட்டை. அங்க ஒண்டும் இல்லை, என்ன?”

‘என்ன?’ என்று முடித்துவிட்டு ஆளின் முகத்தைப் பார்ப்பவர்கள் எதையும் அறிய வந்தவர்கள் இல்லை. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கூட்டம் ஒன்று வைக்கப்போகிறோம், ஐயா வந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்றார். எந்த இரண்டு வார்த்தை என்பது அவர் கேள்வியிலேயே இருந்தது.

எனக்குப் பிறகு கதவு வேலைக்கு வந்த இரண்டு பேர் அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தார்கள். “அண்ணை, கூட்டத்தில நீங்கள் வாய் திறக்க மாட்டியள். எங்களுக்குத் தெரியும். நடந்ததை எழுதித் தாங்கோ,” என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் படித்ததும் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்க வேண்டும். நடந்ததில் பிழை இல்லை.

எங்கள் தீவில் ஆறு கிடையாது. மாரியில் பெய்கிற மழை, வயல்களையும் பனங்காணிகளையும் கழுவிக்கொண்டு பள்ளத்தால் இறங்கி வரும். அந்த வெள்ளவாய்க்கால்தான் எங்களுக்கு ஆறு. ஐப்பசியில் இருந்து தை வரை அதில் தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் மாடு நடக்கும். அது கடலோடு சேரும் இடத்தில் ஒரு சேற்றுநிலம் இருக்கிறது. உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடம் என்பதால் அங்கே கண்ணா மரம் நிற்கும். வேறு ஊர்களில் கண்டல் என்பார்கள். அதனால் அந்த இடத்துக்குப் பெயர் கண்ணாக்கழி. கரம்பொன்னில் இருந்து சைக்கிளில் போகலாம். கடைசித் துண்டு நடைதான்.

வாய்க்காலுக்கும் கழிக்கும் நடுவில் ஒரு மண் அணை. அணையில் ஒரு கதவு. கதவு என்றால் பிணைச்சல் வைத்ததல்ல. இரண்டு சீமெந்துத் தூண், தூண்களில் காடி, காடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கனத்த பலகைகள். கோடையில் கடல்நீர் வயலுக்குள் ஏறாமல் அவை மறிக்கும். மாரியில் உள்ளே வெள்ளம் கூடினால், மேல்பலகையில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீரைக் கழிக்கு விடுவோம்.

அணைக்கு உள்பக்கம் வயல்காரர், வெங்காயமும் மிளகாயும் போடுகிற தோட்டக்காரர். வெளிப்பக்கம் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள். வள்ளம் உள்ளவர்கள் கடலுக்குப் போவார்கள். வள்ளம் இல்லாதவர்களுக்குக் கழிதான் கடல். பிலோமினா அக்கா அப்படிப்பட்டவர். புருசன் இறந்த பிறகு மூன்று பிள்ளைகளையும் கழியில் பிடித்த நண்டாலும் இறாலாலும்தான் வளர்த்தார். விடியக் கூடையோடு இறங்குவார். கண்ணா வேர்களுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவி நண்டெடுப்பார். கழி காய்ந்தால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்கிற எல்லாம் அந்த ஒரு விடயத்தைச் சுற்றித்தான்.

இடம்பெயர்ந்து திரும்பிவந்த காலத்தில் நான் நாள்கூலியாகச் சேர்ந்தேன். பலகை தூக்க, அணை வெட்ட, பற்றை வெட்டப் பழகினேன். பிறகு நிரந்தரமாக்கினார்கள். படித்துக்கொண்ட தொழில் என்று சொல்லக்கூடியதெல்லாம் வாய்க்கால் வேலைகளை மேற்பார்த்த நாகேந்திரம் ஓவசியரிடம் படித்ததுதான்.

ஓவசியர் ஐயா எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார். ‘பாப்பம்’ என்பது அவருடைய ஓம். ‘யோசிப்பம்’ என்பது அவருடைய இல்லை. மோட்டார் சைக்கிளை எப்போதும் தெருவைப் பார்த்தபடி திருப்பித்தான் நிறுத்துவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “ஆர் பின்னால வருகினம் எண்டு கண்ணாடியில தெரியும்,” என்றார். பகிடி விட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

கதவைச் சோதிக்கிற முறை அவருக்கென்று ஒன்று இருந்தது. முகம் துடைக்கிற பெரிய லேஞ்சியை அணையில் விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்து, பலகையில் காதை வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்பார். எந்தப் பலகைக்கும் எந்தப் பலகைக்கும் இடையில் கசிகிறது என்று விரலால் காட்டுவார். அந்த இடத்தில் நான் பனந்தும்பையும் களியையும் பிசைந்து அடைப்பேன். மறுபடி படுத்துக் கேட்பார். “தண்ணி சத்தம் போட்டால் களவு நடக்குது. சத்தம் போடாட்டில் பெரிய களவு நடக்குது,” என்பார். அவர் சொன்னதில் பாதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

பலகைகளுக்கு மேலால் ஒரு இரும்புச் சட்டம் போட்டு மாங்காய்ப் பூட்டுப் பூட்டியிருந்தது. பூட்டுத் திறப்பு அவர் இடுப்பில். தூக்குகிற கொளுக்கி என் வீட்டில். அவர் இல்லாமல் நான் திறக்க ஏலாது. நான் இல்லாமல் அவர் திறக்க ஏலாது. இதை அவர் என்மேல் வைத்த நம்பிக்கை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கதவு திறக்கிற நாளில் ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வயல்காரர் பக்கத்தில் ஒருவர், கடற்காரர் பக்கத்தில் ஒருவர் அணையில் நிற்க வேண்டும். இருவரும் குனிந்து உள்பக்கத்துத் தண்ணீரை உள்ளங்கையால் அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல தண்ணீர் என்று இருவரும் சொன்ன பிறகுதான் சட்டம் கழறும். பலகை இறக்குகிற நாளிலும் அப்படியே. ‘வாய்வைச்சுப் பாக்கிறது’ என்று சொல்வோம். ஒருவருக்கொருவர் நம்பிக்கை இல்லாததால் வந்த வழக்கம் அது. அதை எல்லோரும் மரியாதை என்று நினைத்தார்கள்.

நம்பிக்கையின்மை என்றால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். நான் பிலோமினா அக்காவிடம் நண்டு வாங்கினால், தோட்டக்காரர் என் பையை எட்டிப் பார்ப்பார்கள். இறாலுக்கு வழிவிடப் பலகை தூக்கினதற்குக் கூலி என்பார்கள். வயல்காரரின் தலைவர் சிவராசா அண்ணையின் தோட்டத்தில் கத்தரிக்காய் வாங்கினால், கடற்காரர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். கடைசியில் மாரி முழுவதும் எங்கள் வீட்டில் கடைப் பருப்பும் சோயாமீற்றும்தான். “சுத்திவரக் கடல், நடுவில தோட்டம், நாங்கள் தின்னுறது பைக்கற்றில வந்த சோயா,” என்று மனைவி பேசிக்கொண்டே சமைப்பாள்.

இப்படி இருந்தபோதுதான் குளத்து வேலை வந்தது.

வாய்க்காலுக்கு மேற்புறம் தூர்ந்துபோன ஒரு பழைய குளம் கிடந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர், தன் தகப்பனாரின் நினைவாக அதைத் தூர்வாரித் தரவேண்டும் என்று முன்வந்தார். ஒரு கோடையில் இயந்திரம் வந்து குளத்தை ஆழமாக்கியது. குளம் நிரம்ப வேண்டும் அல்லவா? அதற்காக வெள்ளவாய்க்காலை மேலேயே வெட்டி, குளத்துப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பழைய வாய்க்காலின் வாயில் மண்மூட்டை அடுக்கினார்கள். திறப்புவிழா நாளில் மேளம், மாலை, மோதகம் எல்லாம் இருந்தது. சிவராசா அண்ணை பேசினார். கோயில் ஐயரும் வந்தார், தேவாலயத்துச் சுவாமியாரும் வந்தார். கடற்காரரும் வந்து கைதட்டினார்கள். பிலோமினா அக்கா மோதகம் இரண்டு கேட்டு வாங்கியதை நான் கண்டேன்.

ஆறில்லாத ஊரில் பிறந்தவர்களுக்கு மழைத்தண்ணீர் கடலுக்குப் போவதைப் பார்த்தால் மனம் பதைக்கும். விவசாயி என்றும் கடற்காரர் என்றும் அதில் வேறுபாடு இல்லை. கிணற்றுத் தண்ணீரை அளந்து குடிக்கிற எங்களுக்கு, கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய விடயமாகவே தெரியவில்லை.

அந்த மாரியில் கதவைத் திறக்க வேண்டி வரவேயில்லை. உள்ளே தண்ணீர் மேல்பலகைக்கு வரவில்லை. மழை குறைவென்று பேசிக்கொண்டோம். தை பிறந்தபோது சிவராசா அண்ணையின் தோட்டக் கிணறு உப்புக் கரித்தது. வெங்காயத் தாள் நுனி கருகியது. பங்குனியில் கழியில் கண்ணா இலை மஞ்சளித்தது. பிறகு கொட்டத் தொடங்கியது. சேறு காய்ந்து வெடித்து, மேலே உப்புப் பூத்தது. இறால் குஞ்சு வரவில்லை. பிலோமினா அக்கா வெறுங்கூடையோடு அணையால் ஏறிப் போவதைத் தினமும் பார்த்தேன். மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

வயல்காரர் சொன்னார்கள்: கடற்காரர் அடிப்பலகையைக் களவாகத் தூக்கியிருக்கிறார்கள், அதனால்தான் உப்பு ஏறியது. கடற்காரர் சொன்னார்கள்: தோட்டக்காரர் பூச்சிமருந்துத் தண்ணீரைக் கழிக்கு விட்டிருக்கிறார்கள், அதனால்தான் மரம் சாகிறது. இரண்டு பகுதியும் ஒத்துக்கொண்ட ஒரே விடயம், எதுவானாலும் தருமுவுக்குத் தெரியாமல் நடந்திராது என்பது.

ஓவசியர் ஐயாவும் அப்படித்தான் நினைத்தார். ஒருநாள் காலையில் கதவடிக்குப் போனபோது சட்டத்துக்குக் குறுக்காகக் கறுப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. மேல்பலகையில் சாம்பல் மெல்லியதாகத் தூவியிருந்தது. நான் தொடாமல் விலகி நின்றேன். அடுத்த கிழமை நூல் அறுந்து கிடந்தது. சாம்பலில் ஏதோ தடம்.

“இது ஆற்ற கால் காணும்?” என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். “நீர்க்காகத்தின்ர கால் ஐயா.”

“நீர்க்காகம் நூல் அறுக்குமோ?”

“செட்டை விரிச்சுக் காயவைக்கேக்க பட்டிருக்கும்.”

“பாப்பம்,” என்றார். பாப்பம் என்பது ஓம் என்று முன்னே எழுதினேன். அன்றைக்கு அது அப்படி ஒலிக்கவில்லை.

அவர் என்னைச் சந்தேகித்தார். உண்மையைச் சொன்னால், நானும் அவரைச் சந்தேகித்தேன். திறப்பு அவரிடம். இன்னொரு கொளுக்கி செய்வது பெரிய வேலையா? அடுத்த மாரி தொடங்கி முதல் மழை விழுந்த கிழமை, அவருடைய மோட்டார் சைக்கிள் சில்லில் கறுப்புக் களி ஒட்டியிருந்ததைக் கண்டேன். எங்கள் அணையடியில் இருப்பது வெள்ளைச் சேறு. கறுப்புக் களி மேலேதான் இருக்கிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக மேலே போனேன்.

குளத்து வெட்டடியில் ஓவசியர் ஐயா தனியாக நின்றார். காற்சட்டையை மடித்துவிட்டு, சரிந்த மண்மூட்டைகளைத் தூக்கித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையால் வேலை செய்து நான் அதுவரை கண்டதில்லை. என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“பின்னால வந்தனீரோ?”

“இல்லை ஐயா. இந்தப் பக்கம் ஒரு அலுவல்.”

“மூட்டை சரிஞ்சு கிடக்குது. வெள்ளம் வந்தால் தண்ணி வீணாப் போயிடும். குளம் நிரம்பாட்டில் அந்த மனுசனுக்கு என்ன பதில் சொல்லுறது? காசு அனுப்பினவர், படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டபடி இருக்கிறார்.” பிறகு, “பிடியும் காணும்,” என்றார். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். மண்மூட்டையின் மறுபக்கம் பழைய வாய்க்கால் தண்ணீர் ஓட்டமில்லாமல் கிடந்தது. களவு ஒன்றைப் பிடிக்க வந்தவன் களவைக் காணாத ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போனேன்.

கார்த்திகையில் அணையில் இரண்டு பகுதியும் மோதிக்கொண்டன. மழை தூறிக்கொண்டிருந்தது. குடையும் உரச்சாக்குமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். ஓவசியர் ஐயா நடுவில் நின்றார். நான் கொளுக்கியைப் பிடித்தபடி தூணோடு ஒட்டி நின்றேன்.

சிவராசா அண்ணை தொடங்கினார். “பலகை தூக்கினது ஆரெண்டு எங்களுக்குத் தெரியும். இறால் வாறதுக்கு என்ர கிணத்தை நாசமாக்கிப் போட்டியள்.”

பிலோமினா அக்கா முன்னுக்கு வந்தார். “எந்த இறாலை அண்ணை? காட்டுங்கோ, நானும் பாக்கிறன். கண்ணில காணாமல் ஒரு வருசம் ஆச்சு. உங்கட மருந்து தின்ற மரத்தைப் பாத்தனீங்களே?”

“நாங்கள் மருந்து விடயில்லை.”

“நாங்கள் பலகை தூக்கயில்லை.”

“அப்ப தருமு தூக்கினவனாக்கும்,” என்று பின்னால் இருந்து ஒரு குரல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூணைப் பார்த்தேன். அன்றைக்கு என் வேலை போகும் என்று நினைத்தேன்.

“வாய்வைச்சுப் பாப்பம். பிறகு கதையுங்கோ,” என்றார் ஓவசியர் ஐயா.

சிவராசா அண்ணை குனிந்து அள்ளி வாயில் வைத்தார். கடற்காரர் பக்கத்தால் பிலோமினா அக்கா வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நல்ல தண்ணி,” என்றார் சிவராசா அண்ணை, அது பிடிக்காதவர் போல.

“நல்ல தண்ணிதான்,” என்றார் பிலோமினா அக்கா. “பிறகென்ன, உங்கட கிணத்தில உப்பைக் கொண்டுவந்து நான் கொட்டினனானே?”

“ஆருக்குத் தெரியும்?”

அதோடு அக்காவுக்குக் கோபம் ஏறிவிட்டது. சீலையைச் சொருகிக்கொண்டு அணையின் உள்பக்கச் சரிவால் விறுவிறென்று இறங்கித் தண்ணீருக்குள் கால் வைத்தார். கடற்காரர் யாரும் உள்பக்கத்தில் இறங்குவதில்லை. வயல்காரர் பக்கத்தில் சத்தம் எழுந்தது. அக்கா முழங்காலளவு தண்ணீரில் போய் நின்றார். நின்றவர் அசையவில்லை. முகம் சுருங்கியது.

“என்னக்கா, நண்டு கடிச்சிட்டுதோ?” என்று யாரோ சிரித்தார்கள்.

“சிரிக்காதையுங்கோ. என்ர காலைப் பாத்திருக்கிறியள்தானே. மேலயும் கீழயும் மட்டி ஓடு வெட்டின காயம். முழங்காலில உள்ள காயம் ஒண்டும் செய்யேல்லை. கணுக்காலில உள்ளது மிளகாய்த்தூள் அப்பின மாதிரி எரியுது.”

“நடிப்பு,” என்றார் சிவராசா அண்ணை.

“அப்ப நீங்கள் இறங்குங்கோ. பனங்கருக்குக் கிழிச்ச கால்தானே உங்களுக்கும்.”

அவருக்கு இறங்காமல் இருக்க ஏலாமல் போய்விட்டது. அந்தக் கிழமைதான் வேலிக்கு மட்டை வெட்டியிருந்தார். மட்டை ஓரத்துக் கருக்கு அவர் காலைக் கோடுகோடாகக் கிழித்திருந்தது. செருப்பைக் கழற்றி அணையில் சோடியாக வைத்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வாயைக் கோணினார்.

“என்ன அண்ணை, சுகமோ?” என்று கேட்டார் பிலோமினா அக்கா.

“எரியுதுதான்,” என்றார். பிறகு குனிந்து, கையை முழங்கைக்கு மேல்வரை விட்டு, அடியில் இருந்த தண்ணீரை மூடிய கைக்குள் பிடித்துக்கொண்டு வந்து நக்கிப் பார்த்தார். துப்பினார்.

மேலே நல்ல தண்ணீர். கீழே கடல். எத்தனை தலைமுறையாக வாய்வைத்துப் பார்த்திருக்கிறோம். எல்லோரும் குனிந்து மேலால்தான் அள்ளியிருக்கிறோம். மழைத்தண்ணீர் இலேசானது, போர்வை மாதிரி மேலே கிடக்கும். உள்ளே வெள்ளம் உயர்ந்து நிற்கும்போது அதன் பாரம் கடல்நீரை வெளியே தள்ளிவைக்கும். உள்ளே குறைந்தால், கடல்நீர் பலகைக்கும் கீழே மண்ணுக்கடியால் சத்தமில்லாமல் வந்து அடியில் படுத்துக்கொள்ளும். ஓவசியர் ஐயா காதை வைத்துக் கேட்ட இடத்தில் அது கேட்காது.

இது அந்த நேரத்தில் இப்படித் தெளிவாக எங்களுக்கு விளங்கியது என்று சொல்லமாட்டேன். தண்ணீருக்குள் நின்றபடியே பிலோமினா அக்கா வாய்க்காலின் மேற்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். மழை தூறிக்கொண்டே இருந்தது. வாய்க்காலில் ஓட்டம் இல்லை. ஒரு தும்பு போட்டாலும் நின்ற இடத்தில் நிற்கும்.

“கார்த்திகை மாசம். மேலயிருந்து வாற வெள்ளம் எங்க?” என்று கேட்டார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓவசியர் ஐயா என்னைப் பார்த்தார். சொல்லவேண்டாம் என்று பார்த்தாரா, சொல் என்று பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“குளத்துக்குப் போகுது,” என்றேன்.

நான் பேசியதே பெரிய அதிசயமாகி, சிலருக்கு நான் சொன்னது காதில் விழவில்லை. திருப்பிச் சொல்லவேண்டி வந்தது.

“ஓம், குளத்துக்குத்தான் போகுது,” என்றார் ஓவசியர் ஐயா. “திருப்பினது நான்தான். ஆனால் நீங்கள் எல்லாரும் மாலையோட வந்தனீங்கள். ஆராவது ஒருத்தர் வேண்டாம் எண்டு சொன்னனீங்களோ?”

ஒருவரும் இல்லை. கழிக்குத் தண்ணீர் வராமல் உப்பு மிஞ்சி மரம் காய்ந்தது. கதவுக்கு உள்ளே தண்ணீர் குறைந்து உப்புக் கிணற்றுக்குப் போனது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் ஒருவர் பையை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அன்றே எல்லோரும் மண்வெட்டியோடு மேலே போனார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. குளத்தைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை. அதைச் சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் நன்றாக ஊறத் தொடங்கியிருந்தது. மூன்று தடவை கூடிக் கதைத்தார்கள். குளம் நிரம்பிய பிறகு மிச்சத்தைக் கழிக்கு விடலாம் என்றார் சிவராசா அண்ணை.

“மிச்சம் எண்டு ஒண்டு எந்த வருசம் வந்தது?” என்று கேட்டார் பிலோமினா அக்கா. “முதல் வெள்ளம் கீழ வரட்டும். உப்பைக் கழுவிக்கொண்டு போகட்டும். இறால் குஞ்சுக்கும் அந்த வெள்ளம்தான் தெரியும். பிறகு நீங்கள் குளத்தை நிரப்புங்கோ. நான் வந்து எட்டியும் பாக்கமாட்டன்.”

அவர் கேட்டது உங்கள் கிணற்றுக்கும் நல்லதுதானே என்று ஓவசியர் ஐயா சிவராசா அண்ணையிடம் மெதுவாகச் சொன்னார். அந்த மாரியின் கடைசி மழையிலேயே மண்மூட்டைகளை இறக்கினோம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாரியிலும் முதல் வெள்ளம் கழிக்குப் போனது. வெட்டடியில் பலகை வைத்து ஒரு சின்னக் கதவு செய்தோம். அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். உள்பக்கத்துத் தண்ணீரைக் கம்பில் கட்டிய போத்தலால் அடியில் இருந்து எடுத்துப் பார்க்கத் தொடங்கினோம். சந்தேகம் போனது என்று நினைக்க வேண்டாம். போத்தலை யார் கழுவினது என்று கேட்பார்கள்.

ஓவசியர் ஐயா மாற்றலாகிப் போனார். போகிற அன்று அணைக்கு வந்து, வழக்கம்போல லேஞ்சியை விரித்துப் படுத்துக் காது வைத்தார். எழும்பித் தூசி தட்டினார். “உம்மைத்தான் நான் கனநாள் சந்தேகப்பட்டனான்,” என்றார்.

“தெரியும் ஐயா.”

“நீரும் என்னை.”

“ஓம் ஐயா.”

தலையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

கழி முழுவதும் திரும்பி வரவில்லை. நடுவில் செத்த இடம் செத்ததுதான், கோடையில் வெள்ளையாகக் கிடக்கும். கடல் ஓரத்தால் கண்ணா திரும்ப முளைத்தது. இப்போது ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. முதல் வெள்ளம் இறங்கி ஒரு மாதத்துக்குள் அந்த வேர்களுக்குள் இறால் குஞ்சு நிற்கும். பிலோமினா அக்கா இன்றைக்கும் அதற்குள்தான் கூடையோடு இறங்குகிறார். தலை நரைத்துவிட்டது. மூத்த மகள் படித்துவிட்டு ஊர்காவற்றுறையில் வேலை செய்கிறாள். இளையவன் தாயோடு தொழிலுக்கு வருகிறான்.

இப்போது வந்திருக்கும் திட்டம் என்னவென்றால், வெட்டடியில் சீமெந்துச் சுவர் எழுப்பி எல்லா வெள்ளத்தையும் குளத்துக்கு விடுவது. குளத்தைப் பெரிதாக்கிக் குடிதண்ணீர் கொடுப்பது. கழிக் கதவை நிரந்தரமாக மூடுவது. குடிதண்ணீர் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தண்ணீர் பவுசர் வருகிறதா என்று படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுதான் எங்களுடையதும். ஆனால் முதல் வெள்ளத்தைப் பற்றி அந்த அதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் ஆவணியில் வந்தார்? மண் வெடித்துக் கிடக்கிற மாதம் அது. ஏன் நடுவில் நின்று வெள்ளை நிலத்தை மட்டும் படம் எடுத்தார்? ஓரத்தில் பச்சையாக நிற்கிற இடத்துக்குச் சப்பாத்து நனையாமல் போக ஏலாது என்பதாலா? தெரியாமல் நடந்திருக்கலாம். தெரிந்தும் நடந்திருக்கலாம். என் தொழில் எனக்கு இரண்டாவதை முதலில் நினைக்கப் பழக்கிவிட்டது.

கூட்டம் பொதுமண்டபத்தில் நடந்தது. சிவராசா அண்ணை தடியூன்றி வந்து முன்கதிரையில் இருந்தார். பிலோமினா அக்கா பின்கதவடியில் நின்றார். அதிகாரி திட்டத்தை விளக்கினார். பிறகு, “கதவில வேலை செய்த ஐயா இஞ்ச இருக்கிறார். கழியில ஒண்டும் இல்லை எண்டு அவருக்கே தெரியும்,” என்று என்னைக் காட்டினார்.

எழுந்தேன். “கூட்டத்தை முதல் வெள்ளம் இறங்கினாப் பிறகு கழியில வைச்சால் நல்லம்,” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். “ஐயா, மழை விழுந்தால் எங்கட வாகனம் அதுக்குள்ள இறங்காது.”

“ஏன் தம்பி இறங்காது?” பின்கதவடியில் இருந்து பிலோமினா அக்கா கேட்டார்.

“சில்லுப் புதைஞ்சிடும் அம்மா. ஒரே சேறும் தண்ணியும்.”

“அப்ப அதை எழுதும். தண்ணி வாற இடமெண்டு எழுதும்.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. சிவராசா அண்ணை சிரிக்கவில்லை. “எழுதுங்கோ தம்பி,” என்றார், தடியை நிலத்தில் ஊன்றியபடி.

அதிகாரி பேனையை எடுத்து எழுதினார். நான் கதிரையில் இருந்து சற்று எழும்பி எட்டிப் பார்த்தேன். அவர் இடக்கையால் தாளை மறைத்துக்கொண்டார்.

என்ன எழுதினார் என்று தெரியாது. அதனால் நானும் எழுதிவைக்கிறேன். கண்ணாக்கழி தண்ணீர் வருகிற இடம். முதல் வெள்ளம் அதற்குரியது.